பறுவதமக்கா வீட்டுத் தீராந்தி

தம்பிமாரே, கறையானைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கட்டடங்களை மேற்பார்க்கிற ஓவசியர் வேலைக்கு எடுபட்டபோது திணைக்களக் கந்தோரில் தந்த புத்தகத்தில் கறையானுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. இராணி எது, சிப்பாய் எது, வேலைக்காரன் எது என்று படம் கீறி அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நானும் வாசித்துப் பார்த்தேன். அருமையான புத்தகம். கறையானுக்கும் அது மிகவும் பிடிக்கும். எங்கள் காலத்துப் புத்தகத்தை நான் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மாரி முடிந்து திறந்தபோது அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. என்னைவிட ஒழுங்காக அதைப் படித்து முடித்திருந்தன.

ஆகையால் மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, அத்திவாரத்தைச் சுற்றி எவ்வளவு ஆழத்துக்குக் கிண்டுவது என்பதையெல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு நிறையச் சனம் இருக்கும்போது கூரை இறங்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று அதில் இல்லை. அதை நான் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு குளத்துக் கொலனியில் எனக்கு வேலை. காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு வயலும் வீடும் கொடுத்திருந்தார்கள். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு விறாந்தை, பின்னால் சமைக்கக் குசினி. கள்ளைக் குடித்து வெறித்துவிட்டு வருகிறவன் தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டு, காலையில் அடிவாங்கிக்கொண்டு வெளியே வருவதற்கு மிக வசதியான அமைப்பு.

அந்த வீடுகளைக் கட்டிய கொந்தராத்துக்காரர் பக்திமான். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் நல்ல மரம் போட்டிருந்தார். கதவுநிலை, யன்னல்நிலை எல்லாம் முதிரை. கூரைக்குள்ளே, கடவுளும் கறையானும் மட்டும் பார்க்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு மரம். அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று காட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஹோலுக்குக் குறுக்கே போய்க் கூரைப் பாரத்தைத் தாங்குகிற தீராந்தியும் அந்தப் பெயரில்லாத மரம்தான்.

பறுவதமக்காவின் வீடு வாய்க்கால் கரையில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்தது. அவரும் கணவர் கந்தையா அண்ணையும் வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். கந்தையா அண்ணை அதிகம் கதைக்கமாட்டார். அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த வீட்டுக்கு வேண்டிய கதை முழுவதையும் அக்காவே பார்த்துக்கொண்டார். மகளுக்குக் கலியாணம் ஐப்பசியில் என்று நிச்சயமானதும் அவர் செய்த முதல் வேலை, காட்டிலிருந்து வண்டி வண்டியாக விறகு கொண்டுவந்து பறித்ததுதான். பறித்த விறகை வீட்டின் மேற்குச் சுவரோடு ஒட்டி, அத்திவாரத்திலிருந்து கூரைத் தாழ்வாரம் வரைக்கும், இடைவெளி இல்லாமல் அடுக்கியிருந்தார். மழை படாமல் மேலே ஓலைக் கிடுகும் போட்டிருந்தார். கறையானுக்கு நிலத்திலிருந்து கூரைக்குப் போக ஒரு படிக்கட்டும், அதற்கு நிழலும். இப்படி ஒரு வசதியை எங்கள் திணைக்களமே ஒருவருக்கும் செய்து கொடுத்ததில்லை.

நான் போய் நின்று பார்த்தேன்.

"அக்கா, விறகைச் சுவரோடை அடுக்கக் கூடாது. கறையான் ஏறும். வேலிப் பக்கம் கல்லு வைச்சு, நிலத்திலை முட்டாமல் அடுக்குங்கோ."

"வேலிப் பக்கம் அடுக்கினால் கறையான் வராது, அயலட்டைச் சனம்தான் வந்து எடுக்கும். தம்பி காவல் இருப்பீரோ?"

"கறையான் வீட்டைத் தின்னும் அக்கா."

"விறகு இவ்வளவு கிடக்க அது ஏன் வீட்டைத் தின்னுது? எங்களை மாதிரி அதுக்கும் புத்தி இருக்காதோ?"

இதற்கு மறுமொழி உங்களில் யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இரண்டாம் முறை போனபோது விறகில் கொஞ்சத்தை நானே இழுத்து எடுத்துப் பார்த்தேன். பின்னால் சுவரில் விரல் பருமனில் மண் குழாய்கள், ஆற்றின் கிளைகள் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தன. அடிவிறகு கையில் எடுத்ததும் அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே போய் ஏணி வைத்து ஏறித் தீராந்தியில் சுத்தியலால் தட்டினேன். நல்ல மரம் கணீரென்று சொல்லும். இது, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறவனின் வயிற்றில் தட்டின மாதிரிச் சத்தம் போட்டது.

அக்காவுக்கு முகம் மாறியது. "இப்ப என்ன செய்யிறது?"

"விறகை உடனை எடுக்கவேணும். தீராந்தி மாத்தவேணும். அதுவரைக்கும் முண்டு குடுக்கிறன்."

அன்றே ஒரு பாலைமரக் கட்டையை வெட்டி, ஹோலின் நடுவில் தீராந்திக்குக் கீழே நிறுத்தி இறுக்கினேன். வடிவில்லைத்தான். ஆனால் கூரை நின்றது. விறகை மாத்திரம் கலியாணம் முடியத்தான் எடுப்பேன் என்று அக்கா சொல்லிவிட்டார். சமையல்காரன் வந்தால் எப்படியும் முடிந்துவிடுமாம்.

அடுத்த கிழமை எஞ்சினியர் ஐயாவிடம் மாங்குளத்துக் கந்தோருக்குப் போனேன். அவர் நல்ல மனுஷன். ஒருநாளும் கோபிக்கமாட்டார். ஒருநாளும் எதையும் செய்யவுமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாரி முடியட்டும், பாப்பம்" என்றார். "மாரியிலைதானே ஐயா கூரைக்குப் பாரம்?" என்றேன். "கறையானுக்கும் மாரியிலை குளிரும், அவ்வளவு தின்னாது" என்றார். இதை எங்கே படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா கலியாணம் முடியட்டும் என்றார். ஐயா மாரி முடியட்டும் என்றார். கறையான் மட்டும் ஒன்றையும் பிற்போடாமல் வேலை செய்தது.

கலியாண நாள் வந்தது. எனக்கும் அழைப்பு. வேட்டி கட்டிக்கொண்டு காலையில் போனேன். சோதிடர் குருவையும் சுக்கிரனையும் நன்றாகப் பார்த்துத்தான் நாள் வைத்திருந்தார். வானத்தை மாத்திரம் அவர் பார்க்கவில்லை. கிழக்கே கறுத்துக் கிடந்தது. முற்றத்தில் பெரிய பந்தல். வாழை கட்டி, தோரணம் தூக்கி, மணவறை சோடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள்.

பந்தல் வாசலில் நிமிர்ந்து நின்ற கட்டை ஒன்றைப் பார்த்தேன். வாழை கட்டியிருந்தார்கள். எங்கேயோ கண்ட கட்டை. கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் வெட்டிய பாலைமரம்.

அக்கா பட்டுச் சேலையோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். மறித்தேன்.

"அக்கா, ஹோலிலை நான் வைச்ச முண்டு?"

"அதை நேற்றுப் பின்னேரம் கழட்டினது. சம்பந்தியள் வந்து பாத்தால் என்ன நினைப்பினம்? நடுவீட்டுக்குள்ளை ஒரு கட்டை. மாட்டைக் கட்டுறதுக்கோ எண்டு கேட்கமாட்டினமோ?"

"அக்கா, அது அலங்காரத்துக்கு வைச்சதில்லை."

"ஒரு நாளைக்குத்தானே தம்பி. நாளைக்கு நீர் திரும்ப வையும்."

ஹோலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எல்லோரும் பந்தலில். தீராந்தி நேராகத்தான் தெரிந்தது. சடங்கு முடியும்வரை சனம் வெளியேதானே இருக்கும், முடிந்த கையோடு கட்டையைத் திரும்ப வைத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். இருந்தேனே தவிர, கண் வானத்தில்தான்.

ஐயர் ஓமம் வளர்க்கத் தொடங்க மழை தொடங்கியது. தூறலாக வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டு வருகிற மழையில்லை. வன்னி மழை உங்களுக்குத் தெரியும். பந்தல் கிடுகு வெறும் பெயருக்குத்தான் இருந்தது. ஓமகுண்டத்தை இருவர் தூக்க, ஐயர் நெய்ச்சட்டியோடு முன்னால் ஓட, மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, சனம் முழுவதும் ஒரே வாசலால் வீட்டுக்குள் புகுந்தது. ஒரு குடும்பம் வசிக்கக் கட்டிய ஹோலில் இரண்டு பஸ் சனம். கதிரை போட்டு, பாய் போட்டு, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி இருந்தார்கள். மேளகாரர் இரண்டுபேர் யன்னலில் ஏறி இருந்தார்கள்.

நானும் நெரிபட்டு உள்ளே போய் மேலே பார்த்தேன். ஓடு மழையைக் குடித்துக் கனத்திருந்தது. என் தோளில் மாத்தூள் போல ஏதோ கொட்டியது. தட்டிப் பார்த்தேன். செம்மண். தீராந்தியின் நடுவில் ஓடியிருந்த மண்குழாய் உதிர்ந்துகொண்டிருந்தது. குழாய் தானாக உதிராது தம்பிமாரே. மரம் வளைந்தால்தான் உதிரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "வீடு விழப்போகுது, ஓடுங்கோ" என்று கத்துவீர்கள். நானும் வாயைத் திறந்தேன். ஆனால் வாசலைப் பார்த்தேன். ஒரே வாசல். வாசலில் கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள். கத்தியிருந்தால் கூரை விழுந்து சாகிறவர்களைவிட வாசலில் மிதிபட்டுச் சாகிறவர்கள் கூடுதலாக இருந்திருப்பார்கள். அதைவிட, கலியாண வீட்டில் தாலி ஏறமுன் வீடு விழப்போகுது என்று ஒருவன் கத்தினால், வீடு விழாவிட்டாலும் கலியாணம் விழுந்துவிடும். அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

வாயை மூடினேன். சனத்தைப் பிரித்துக்கொண்டு அக்காவிடம் போனேன். காதுக்குள் சொன்னேன்.

"அக்கா, மேலை பாருங்கோ. தீராந்தி போகுது. எல்லாரையும் வெளியாலை எடுக்கவேணும். பதறாமல் எடுக்கவேணும்."

பறுவதமக்கா மேலே பார்த்தார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் என்னைக் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். முகத்தில் இரத்தம் இல்லை. ஆனால் வாய் சிரித்தது. கையைத் தட்டினார்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ! இஞ்சை நெருக்கமாக் கிடக்குது. ஐயர் பள்ளிக்கூடத்து மண்டபத்திலை சடங்கை வைக்கச் சொல்லுறார். அங்கை எல்லாருக்கும் சுடச்சுடத் தேத்தண்ணியும் பலகாரமும் வைச்சிருக்கு. வயது போனாக்கள் முன்னாலை போங்கோ. முதல் வந்தாக்களுக்குத்தான் இருக்க வாங்கு கிடைக்கும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது!"

பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணியும் இல்லை, பலகாரமும் இல்லை. ஐயர் அப்படி ஒன்றும் சொல்லவும் இல்லை. அவர் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில், தான் அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நெய்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

நான் எத்தனையோ அனர்த்தத்தில் சனத்தை இடம்பெயர்த்திருக்கிறேன். குளம் உடையப்போகுது என்று சொன்னால், ஆட்டுக்குட்டியைப் பிடிக்கவேணும், கோழி அடைகிடக்குது என்பார்கள். சூடான தேத்தண்ணி என்றதும் அந்த வீடு எப்படி வெறுமையானது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தள்ளுமுள்ளு இல்லை. கிழவிகள் முன்னால், பிள்ளைகள் நடுவில், மேளகாரர் பின்னால். பாய், தடுக்கு, வாழையிலை எல்லாம் தலையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கந்தையா அண்ணை மழைக்குள் நின்று கைகாட்டி விட்டார். அக்கா சமையல்காரனிடம் ஓடினார், பொய்யை உண்மையாக்குவதற்கு.

எல்லோரும் போய்விட்டார்கள் என்று திரும்பினேன். ஒருவர் போகவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா. வேலையிலிருந்து இளைப்பாறிய ஸ்ரேஷன் மாஸ்ரர். கறுத்தக் கோட்டும், மடித்த குடையுமாக, ஹோலின் சரிநடுவில், தீராந்திக்கு நேர் கீழே கதிரை போட்டு இருந்தார். நான் முண்டு வைத்திருந்த அதே இடம்.

"ஐயா, எழும்புங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் போவம்."

"மழையுக்கை என்னை நடக்கச் சொல்லுறீரோ? மாப்பிள்ளை வீட்டாரை இப்பிடியோ நடத்துறது? மழை விடட்டும்."

இவருக்கு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். படித்த மனுஷன்.

"ஐயா, சத்தம் போடாமல் கேளுங்கோ. தீராந்தியைக் கறையான் திண்டிட்டுது. கூரை விழப்போகுது."

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"இது அரசாங்கம் கட்டின வீடுதானே?"

"ஓம் ஐயா."

"அப்ப விழாது."

தம்பிமாரே, அரசாங்கத்தில் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த ஒருவரை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. மேலேயிருந்து ஒரு ஓட்டுத் துண்டு விழுந்து அவருடைய கால்மாட்டில் உடைந்தது. "பூனை" என்றார்.

தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தேன். அவர் என்னைப்போல இரண்டு மடங்கு. அப்போதுதான் அறைக் கதவு திறந்தது. மணப்பெண். கூட்டம் குறையட்டும் என்று அறைக்குள் காத்திருந்தவளை நான் எண்ணவில்லை. தோழியை முன்னாலேயே அனுப்பிவிட்டு அவள் மட்டும் நின்றிருந்தாள். நான் சொன்னது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கலியாணச் சேலையும் தாலியும் வைத்த கூறைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பெரியப்பாவுக்கு முன்னால் வந்தாள்.

"மாமா, கூறையும் தாலியும் இதிலை இருக்கு. பொறுப்பான ஒராள்தான் கொண்டுவரவேணும் எண்டு ஐயர் சொன்னவர். வேறை ஒருதரும் இல்லை."

பெரியப்பா எழும்பினார். தட்டை வாங்கினார். குடையை விரித்து என்னிடம் தந்து, "பிடியும்" என்றார். நான் குடையைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, பெண்ணை முன்னால் விட்டு, அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் வேகமாக நடக்கவில்லை. தாலி கொண்டுபோகிறவர் ஓடுவாரா? ஒரு ரெயில் முழுவதையும் வழியனுப்புகிற மாதிரி நிதானமாகப் படியிறங்கினார். என் முதுகெலும்பில் வியர்வையா மழையா ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலிப் படலையைத் தாண்டினோம். பின்னால் பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. களைத்துப்போன ஒருவர் கதிரையில் இருக்கும்போது விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் ஓடுகள். திரும்பிப் பார்த்தபோது சுவர் நாலும் அப்படியே நின்றது. நடுவில் கூரை இல்லை. தூசி மழையில் எழும்பி மழையிலேயே கரைந்தது.

பெரியப்பா தட்டைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தக் கதிரை ஆரின்ரை?"

"பள்ளிக்கூடத்திலை இரவல் வாங்கினது ஐயா."

"அதுவும் அரசாங்கத்தின்ரையோ?" என்றார். பிறகு தட்டோடு நேரே மண்டபத்துக்கு நடந்தார்.

பள்ளிக்கூட மண்டபத்தில், கரும்பலகைக்கு முன்னால், யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்குக்குக் கீழே தாலி ஏறியது. முகூர்த்தம் தப்பவில்லை. தேத்தண்ணி வந்தது, பலகாரமும் வந்தது. மழை இரைச்சலிலும் மேளத்திலும் கேட்காதபடியால், கூரை விழுந்த செய்தி தாலி ஏறிய பிறகுதான் சனத்துக்குத் தெரியும். அதற்குள் அதை அபசகுனம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாய் நிறையப் பயத்தம் பணியாரம். பறுவதமக்கா எல்லோரையும் கவனித்து முடித்து, பெண்ணை வழியனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துக் கடைசி வாங்கில் தனியாகப் போயிருந்து அழுதார். கந்தையா அண்ணை பக்கத்தில் இருந்தார். அவர்தான் அன்றைக்கு முதல்முறையாகக் கதைத்தார். "எல்லாரும் உசிரோடை வீட்டை போய்ச் சேர்ந்திட்டினம், பறுவதம்" என்றார்.

மூன்றாம் நாள் எஞ்சினியர் ஐயா ஜீப்பில் வந்தார். மாரி முடியமுன்னே வந்துவிட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்த்தார். விறகைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"இதுதான் காரணம். விறகைச் சுவரோடை அடுக்கியிருக்கினம். இது குடியேறினாக்களின்ரை கவலையீனம். திணைக்களம் திருப்பிக் கட்டித் தராது. என்ன ஓவசியர், சரிதானே?"

அக்காவும் அண்ணையும் நின்றார்கள். கீழே நனைந்த பாய், மேலே வானம். அவர்களுக்கு வேறு வீடு இல்லை. ஊரில் இருந்த துண்டுக் காணியை மகளின் சீதனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஓம் ஐயா" என்று சொல்வது எனக்கு மிக இலகு. அரைவாசி உண்மையும்கூட. அரைவாசி உண்மையைவிட வசதியான பொய் கிடையாது என்பதை நீங்கள் சேவையில் போகப்போக அறிவீர்கள்.

"விறகு பிழைதான் ஐயா," என்றேன். "ஒருக்கா இஞ்சாலை வந்து இதைப் பாருங்கோ."

அவரை விறகடுக்கை ஒட்டியிருந்த யன்னல்நிலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மண்குழாய் ஒன்று நிலையின் அடியிலிருந்து நுனிவரை அதற்கு மேலாலேயே ஏறிப் போயிருந்தது. குழாயைச் சுரண்டி எடுத்தேன். கீழே முதிரை, பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதே குழாய் போய்ச் சேர்ந்த தீராந்தியின் துண்டைக் காலால் மிதித்தேன். நொறுங்கியது.

"ஒரே கறையான் ஐயா. ஒரே பாதை. நிலையைத் தாண்டிப் போய்த் தீராந்தியைத் திண்டிருக்குது. விறகு வழி காட்டினதுதான். ஆனால் மேலை சாப்பாடு வைச்சது நாங்கள். இந்தக் கொலனியிலை எல்லா வீட்டுக் கூரையும் இந்த மரம்தான்."

ஐயா நொறுங்கிய துண்டைக் குனிந்து எடுத்து விரலால் பிசைந்தார். எஞ்சினியர்தானே, மரம் தெரியாமலா இருக்கும். மற்ற வீடுகளின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் அவருடைய மனதில் எத்தனை கூரை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஜீப்பில் ஏறமுன், "எல்லா வீட்டையும் தட்டிப் பாத்துச் சொல்லும். பழுதான எல்லாத்தையும் மாத்துவம். இதையும் கட்டுவம்" என்றார். பிறகு மெதுவாக, "நீர் இஞ்சை கனகாலம் இருந்திட்டீர் போலை" என்றார்.

தட்டிப் பார்த்தேன். பல தீராந்திகள் வயிறு நிறைந்த சத்தம்தான் போட்டன. எல்லாவற்றுக்கும் முண்டு கொடுத்தோம். இந்த முறை ஒருவரும் கழற்றவில்லை. சனத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. வாய்க்கால் கரையில் கூரையில்லாமல் நின்ற வீடு எனக்காக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. விறகெல்லாம் ஒரே கிழமையில் வேலிப் பக்கம் போய்விட்டது.

என்னுடைய மாற்றமும் வந்தது. பளைப் பக்கம் ஒரு றோட்டு வேலை. நேர்மைக்குத் திணைக்களம் தருகிற பரிசு எப்போதும் புழுதி உள்ள இடமாகத்தான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள். ஐயாவை நான் குறைசொல்லவில்லை. என்னை மாற்றினாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. கூரை வேலை தொடங்கியது. கொந்தராத்து மட்டும் அதே பக்திமானுக்குத்தான் திரும்பவும் கிடைத்தது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பஸ் ஏறப் போகிற வழியில், சொல்லிவிட்டுப் போவோம் என்று பறுவதமக்கா வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் கொந்தராத்துக்காரரின் லொறி வந்து மரம் இறக்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் உலக்கையோடு நின்றார். இறங்குகிற ஒவ்வொரு மரத்தையும் நிறுத்தி, உலக்கையால் ஒரு போடு போட்டு, காதை வைத்துக் கேட்டார். கணீரென்ற மரம் உள்ளே போனது. நாலாவதோ ஐந்தாவதோ ஒரு மரம் வந்தது. வெள்ளை. அடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது அடுப்புக்குத்தான் ஆகும். திருப்பி ஏத்துங்கோ."

லொறிக்காரன் என்னைக் கண்டுவிட்டான். ஓடிவந்து முறைப்பட்டான்.

"ஓவசியர் ஐயா, இந்த மனுசி மரத்தை இறக்க விடுதில்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"நான் நேற்றோடை மாறிப்போட்டன் தம்பி," என்றேன். "இப்ப இஞ்சை ஓவசியர் அவாதான்."